சாப்பாட்டுக்கடைச் சுப்பர்வைசர் வேலை கனடா பிஆருக்குக் கணக்கில் வருமா?

ஏஎல் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலர் யாழ்ப்பாணத்தில் முதலில் போய்ச் சேருவது ஒரு சாப்பாட்டுக்கடையில்தான். கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி, திருநெல்வேலிச் சந்தி, சுன்னாகம் என்று எங்கே பார்த்தாலும் கொத்து ரொட்டிச் சத்தம். பார்சல் கட்டத் தொடங்கியவர், இரண்டு மூன்று வருடத்தில் முதலாளி இல்லாத நேரம் கடையைப் பார்க்கும் ஆளாகிவிடுவார். அதற்குள் வீட்டில் கனடாக் கதை தொடங்கிவிடும். ஸ்காபரோவில் இருக்கும் மாமா போனில் சொல்லுவார்: "தம்பி, சுப்பர்வைசர் வேலைக்கு பிஆர் குடுக்கிறாங்களாம், விசாரிச்சுப் பார்."

பிஆர் என்றால் கனடாவின் நிரந்தர வதிவிடம். மாமா சொன்னது முழுப்பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சின்னச் சாப்பாட்டுக்கடையில் மேற்பார்வை வேலை செய்ததைக் கனடா தொழில் திறன் உள்ள வேலையாக ஏற்குமா என்பது ஒன்று. ஏற்றால், அதை வைத்து உங்களை அழைக்குமா என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் ஆம், நிபந்தனையோடு. இரண்டாவது அவ்வளவு சுலபமில்லை. ஏஜென்சிக்காரர் முதலாவது பதிலை மட்டும் சொல்லிக் காசு வாங்குவார்கள். அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

கனடா அரசு அந்த நாட்டில் உள்ள எல்லா வேலைகளையும் வகைப்படுத்தி ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் நொக் என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. அந்தக் குறியீட்டின் இரண்டாவது இலக்கம்தான் அந்த வேலையின் படி. அதற்கு ரியர் என்று பெயர். 0 தொடக்கம் 5 வரை ஆறு படிகள். நிர்வாகப் பதவிகள் 0, பட்டப்படிப்பு வேண்டிய வேலைகள் 1, டிப்ளோமாவோ மேற்பார்வைப் பொறுப்போ உள்ளவை 2, இப்படிக் கீழே போகும். 2022 நவம்பர் 16 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற நிரந்தர வதிவிடத் தெரிவு முறை இந்தப் படிகளையே பயன்படுத்துகிறது. 0, 1, 2, 3 ஆகிய படிகளில் செய்த வேலை கணக்கில் வரும். 4, 5 வராது.

இப்போது ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் போய்ப் பார்ப்போம். ஒரே கூரைக்குக் கீழே நிற்கும் ஆட்கள் வேறு வேறு படிகளில் இருப்பார்கள். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் 65200, ஐந்தாம் படி. குசினியில் வெங்காயம் வெட்டுபவரும் கவுண்டரில் பார்சல் கட்டுபவரும் 65201, அதுவும் ஐந்தாம் படி. சமையல்காரர் 63200, மூன்றாம் படி. மேற்பார்வையாளர் 62020, இரண்டாம் படி. கடையை முழுதாக நடத்தும் மானேஜர் 60030, பூச்சியப் படி. ஆக, பார்சல் கட்டிய ஐந்து வருடம் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஒன்றுமில்லை. அதே கடையில் மேற்பார்வை பார்த்த ஒரு வருடம் கணக்கு. சமையல் செய்தவருக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொத்துப் போடும் அண்ணைக்குத் தன் வேலை கனடாவில் தொழில் திறன் வேலை என்று தெரியாமலே இருக்கும்.

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முதலாளி தரும் கடிதத்தில் சுப்பர்வைசர் என்று எழுதிவிட்டால் சுப்பர்வைசர் ஆகிவிடுவதில்லை. அதிகாரி பதவிப் பெயரைப் பார்ப்பதை விட, நீங்கள் நாளாந்தம் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார். 62020 என்ற குறியீட்டுக்குக் கீழே அந்த வேலையின் சாராம்சம் எழுதப்பட்டிருக்கிறது: உணவைத் தயாரித்து, பங்கிட்டு, பரிமாறும் ஆட்களை மேற்பார்வை செய்து, வழிநடத்தி, ஒருங்கிணைப்பவர். அதற்குக் கீழே முக்கிய கடமைகளின் பட்டியல். வேலையாட்களுக்கு நேர அட்டவணை போடுவது, பொருட்கள் எவ்வளவு வேண்டும் என்று கணித்து ஓடர் கொடுப்பது, கையிருப்பு, விற்பனை, வீண்போனது, திருத்த வேலை ஆகியவற்றுக்குப் பதிவு வைப்பது, புதியவர்களுக்கு வேலையும் சுத்தமும் பாதுகாப்பும் பழக்குவது, சாப்பாடும் பரிமாறலும் தரமாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஆள் எடுப்பதில் உதவுவது. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் போகும் தட்டுகளைச் சரிபார்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தக் குறியீடு ஆஸ்பத்திரி, கன்ரீன், கேற்றரிங், மற்ற உணவகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. சாராம்சம் பொருந்த வேண்டும், கடமைகளில் கணிசமானவை பொருந்த வேண்டும். எல்லாமே பொருந்த வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க் கடையில் இது எப்படி இருக்கும்? நல்லூர்த் திருவிழாக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நாள். கோயிலடிக்குப் பக்கத்தில் உள்ள கடை என்றால் மச்சம் நிற்பாட்டி மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறும். கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் போகும் காசு, உளுந்துக்கும் மரக்கறிக்கும் தேங்காய்க்கும் திரும்ப வேண்டும். தேர் அன்றைக்கு எத்தனை கிலோ உளுந்து ஊறப்போட வேண்டும் என்று முதல் நாளே ஒருவர் முடிவெடுக்க வேண்டும். வழமையாக இரவு வேலைக்கு வரும் இரண்டு பொடியன்களைக் காலைக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வந்த புதுப்பொடியனுக்கு, கைக்கு உறை போடாமல் வடையை எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ்களை எடுத்துக் காட்ட வேண்டும். இரவு கடை பூட்டும்போது மிஞ்சிய சாம்பாரும் புளித்துப்போன மாவும் எவ்வளவு என்று கொப்பியில் எழுத வேண்டும். இதையெல்லாம் செய்த ஆள் நீங்கள் என்றால், முதலாளி உங்களைத் தம்பி என்று மட்டும் கூப்பிட்டிருந்தாலும் நீங்கள் 62020. இதில் எதையும் செய்யாமல் கழுத்தில் சுப்பர்வைசர் என்று அட்டை தொங்கினால், நீங்கள் அது இல்லை.

பக்கத்துக் குறியீடு ஒன்று ஆளை விழுத்தக்கூடியது. பெரிய ரெஸ்ரோரன்ற், விருந்து மண்டபங்களில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்று, மேசை ஒதுக்கி, பரிமாறும் பொடியன்களை விரட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் இருப்பார். அவருக்கும் சுப்பர்வைசர் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். கனடாப் பட்டியலில் அந்த வேலை 64300, நான்காம் படி. பரிமாறுபவர்களை மேற்பார்வை செய்வதும் அந்தக் குறியீட்டின் கடமைகளிலேயே வருகிறது. வரவேற்பும் மேசையும்தான் உங்கள் முதன்மை வேலை என்றால் கணக்கில் சேராது. குசினிப் பக்கமும் கையிருப்புப் பக்கமும் உங்கள் பொறுப்பு இருந்ததா என்பதில்தான் இரண்டுக்குமான வித்தியாசம் தெரியும்.

சரி, சின்னக் கடை என்பதால் ஏதும் பிரச்சினையா? கடை சின்னது என்பதற்காக விலக்கும் சட்டம் இல்லை. ஆனால் அதிகாரிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். மொத்தம் மூன்று பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் மானேஜர், ஒருவர் சுப்பர்வைசர், ஒருவர் தலைமைச் சமையல்காரர் என்றால், வேலை செய்தது யார்? மேற்பார்வையாளருக்குக் கீழே ஆட்கள் இருக்க வேண்டும். ஐந்தாறு பேர், இரண்டு ஷிப்ற் உள்ள கடை என்றால் கதை நம்பும்படி இருக்கும். கூட்டம் கூடும் நேரத்தில் நீங்களும் இறங்கிப் பார்சல் கட்டியிருப்பீர்கள், காசுப்பெட்டியில் இருந்திருப்பீர்கள். அதை மறைக்கத் தேவையில்லை. நேரத்தில் பெரும்பகுதி மேற்பார்வையிலும் திட்டமிடலிலும் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபக்கம், ஆசை கூடி மானேஜர் என்று எழுதிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். படி 0 என்றால் கூடப் புள்ளி என்று நினைப்பு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 2க்கும் 0க்கும் அனுபவப் புள்ளியில் வித்தியாசம் இல்லை. மானேஜர் என்றால் விலை நிர்ணயம், வரவுசெலவுத் திட்டம், ஆட்களை எடுப்பது நிறுத்துவது, விநியோகத்தரோடு ஒப்பந்தம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். எங்கள் ஊரில் அந்த அதிகாரத்தை முதலாளி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உள்ளதை எழுதுவதே லாபம்.

அடுத்து நேரக் கணக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் இரண்டு பாதைகள் இங்கே பொருந்தும். வெளிநாட்டில் செய்த வேலையை வைத்து விண்ணப்பிப்பது ஒன்று. கூட்டாட்சித் திறன் தொழிலாளர் திட்டம் என்று சொல்லலாம். கனடாவிலேயே செய்த வேலையை வைத்து விண்ணப்பிப்பது மற்றது. கனடிய அனுபவ வகுப்பு. முதலாவதற்குக் கடந்த பத்து வருடத்துக்குள், ஒரே தொழிலில், இடைவெளி இல்லாமல் ஒரு வருட முழுநேர வேலை வேண்டும். முழுநேரம் என்றால் வாரம் 30 மணித்தியாலம், வருடத்துக்கு 1,560. எங்கள் கடைகளில் வாரம் அறுபது மணித்தியாலம் வேலை செய்வது சாதாரணம். அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் ஒரு வருடக் கணக்கு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்துக்கு 30க்கு மேல் எத்தனை மணித்தியாலம் செய்தாலும் அது 30தான். பகுதிநேரமாக வாரம் 15 மணித்தியாலம் செய்தவருக்கு இரண்டு வருடம் தேவைப்படும்.

சம்பளம் வாங்கிய வேலையாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இது கேட்க லேசு. எங்கள் ஊரில் மெத்தக் கஷ்டம். சித்தப்பாவின் கடையில் நிற்கும் பிள்ளைக்குச் சம்பளம் என்று ஒன்று இருக்காது. சாப்பாடு, மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல், தீபாவளிக்கு உடுப்பு, கேட்ட நேரம் கையில் கொஞ்சம் காசு. அவன் செய்தது முழு மேற்பார்வை வேலைதான். ஆனால் சம்பளம் இல்லாத வேலை கனடாவுக்கு வேலை இல்லை. இப்போதே நாலு வருடம் நின்றுவிட்டான் என்றால் பழையதை மாற்ற முடியாது. இந்த மாதத்திலிருந்து சித்தப்பா ஒரு தொகையை வங்கிக் கணக்குக்குப் போடத் தொடங்கினால், அடுத்த வருடம் இதே மாதம் ஒரு வருடக் கணக்கு கையில் இருக்கும்.

அத்தாட்சிகளில் முதலிடம் முதலாளி தரும் கடிதத்துக்கு. எங்கள் முதலாளிமார் வழக்கமாக எழுதிக்கொடுப்பது இப்படி இருக்கும்: "இவர் எமது நிறுவனத்தில் சுப்பர்வைசராக 2021 முதல் 2024 வரை திருப்திகரமாகப் பணியாற்றினார். நேர்மையானவர், பழகுவதற்கு இனியவர். அன்னாரின் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." கலியாணம் பேசப்போகும்போது காட்டலாம். விண்ணப்பத்துக்கு உதவாது. கனடா கேட்பது வேறு: கடையின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் உள்ள கடிதத் தலைப்பு, வகித்த ஒவ்வொரு பதவியும் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளமும் மற்றக் கொடுப்பனவுகளும், செய்த கடமைகள், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும்.

கடமைப் பகுதி ஏறத்தாழ இப்படி அமைய வேண்டும்: "2021 மார்ச் முதல் 2022 பெப்ரவரி வரை பரிமாறுபவராகவும், 2022 மார்ச் முதல் உணவுச் சேவை மேற்பார்வையாளராகவும் வேலை செய்தார். பிற்பகல் ஷிப்ற்றில் இரண்டு சமையல்காரர், மூன்று பரிமாறுபவர், ஒரு குசினி உதவியாளர் ஆகியோரை மேற்பார்வை செய்தார். ஞாயிறுதோறும் அடுத்த வார வேலை அட்டவணையைத் தயாரித்தார். கோதுமை மா, கோழி, காஸ் ஆகியவற்றின் கையிருப்பைப் பார்த்து ஓடர் கொடுத்தார். நாளாந்த விற்பனையையும் வீண்போன உணவையும் பதிவு செய்தார்." பரிமாறுபவராக இருந்த காலத்தைத் தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வருடத்தைக் கொடுத்துவிட்டால் மிச்சம் நம்பும்படி ஆகிறது. கனடாவின் இணையத்தளத்தில் உள்ள கடமைப் பட்டியலை எழுத்துப் பிசகாமல் பிரதிபண்ணிக் கடிதமாக்குவது பெரிய ஆபத்து. திருநெல்வேலிக் கொத்துக்கடையில் நோயாளிகளின் தட்டுகளைச் சரிபார்த்ததாக எழுதினால், அந்தக் கடிதத்தில் வேறு எதை நம்புவார்கள்? கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருப்பது நல்லது. தமிழில் உள்ள எந்த ஆவணமும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்போடு போக வேண்டும்.

கடிதத்துக்குத் துணையாக என்ன இருக்கிறது? இலங்கைச் சட்டப்படி ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) கட்ட வேண்டும்: ஊழியர் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். ஈபிஎஃப் கட்டினால் சம்பளம் குறைகிறதே என்று வேண்டாம் என்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஆனால் மாதாமாதம் உங்கள் பெயரில் ஏறிய அந்தப் பதிவுதான் நீங்கள் அந்தக் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்தீர்கள் என்பதற்கு முதலாளியின் கையொப்பத்தை விடப் பலமான சாட்சி. கையில் காசு வாங்கியவர்கள் சம்பள வவுச்சர், நியமனக் கடிதம், வங்கியில் போட்ட பணத்தின் கூற்று என்று கிடைப்பதைச் சேர்க்கலாம். கடையின் வணிகப் பெயர்ப் பதிவுப் பிரதியும் மாநகர சபை அல்லது பிரதேச சபை உரிமப் பிரதியும் கடை உண்மையில் இருக்கிறது என்பதைக் காட்டும். நீங்கள் கையால் எழுதிய அட்டவணைக் கொப்பியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் முதலாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: உங்கள் வேலை தொழில் திறன் வேலை. இனி இரண்டாவது.

இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் திறன் தொழிலாளர் திட்டத்தில் நுழைவதற்கே 100க்கு 67 புள்ளி வேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, ஏற்பாடு செய்யப்பட்ட வேலைக்கு 10, கனடாவில் காலூன்றும் தகுதிக்கு 10. ஒருவரை உதாரணத்துக்கு எடுப்போம். வயது 29, ஏஎல் மட்டும், நாலு வருட மேற்பார்வை அனுபவம், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5. வயதுக்கு 12, மொழிக்கு 20, அனுபவத்துக்கு 13. கல்விக்கு? ஏஎல் மட்டும் என்றால் 5. கூட்டினால் 50. கனடாவில் மாமா நிரந்தர வதிவாளராகவோ பிரஜையாகவோ இருந்தால் இன்னும் 5. மனைவிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்து பரீட்சையில் காட்டினால் இன்னொரு 5. ஆங்கிலத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் கூட 4. எல்லாம் சேர்த்து 64. அதாவது, பிரெஞ்சும் கனடா வேலை வாய்ப்பும் இல்லை என்றால், இவ்வளவு செய்தும் மூன்று புள்ளி குறைவு.

அதே ஆள் ஒரு பட்டதாரி என்றால் கல்விக்கு 21. மாமா இல்லாமலே, முதலில் எடுத்த அதே ஆங்கிலத்தோடு 66. ஒரு புள்ளி! கேட்டலில் மட்டும் 8 எடுத்தால் 67 ஆகிவிடும். கனடாத் தரத்துக்குச் சமம் என்று மதிப்பிடப்பட்ட இரண்டு வருட டிப்ளோமா என்றால் 19. மாமாவையும் சேர்த்தால் 69. இந்தக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், இன்னும் இரண்டு வருடம் கடையில் நிற்பதை விட அந்த நேரத்தில் ஒரு டிப்ளோமா முடிப்பது எவ்வளவு லாபம் என்பது தெரியும். நாலு வருட அனுபவத்தை ஆறாக்கினால் கிடைப்பது இரண்டே புள்ளி.

உறவு விஷயத்தில் ஒரு குறிப்பு, எங்கள் ஆட்களுக்கு இது முக்கியம். பெற்றோர், பேரன் பேத்தி, கூடப்பிறந்தவர், மாமா, மாமி, சித்தப்பா, சித்தி, மருமகன், மருமகள் முறையில் கூடப்பிறந்தவரின் பிள்ளைகள் இந்த 5 புள்ளிக்குள் வருவார்கள். மனைவியும் கூட வருகிறார் என்றால் அவருடைய அண்ணனும் வருவார். மாமாவின் மகன் வரமாட்டார், எவ்வளவு நெருக்கம் என்றாலும்.

67 என்பது நுழைவு மட்டும்தான். உள்ளே போனபின் வேறொரு புள்ளித் திட்டத்தில் உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். 2025இல் கனடிய அனுபவ வகுப்பினருக்கு நடந்த தெரிவுகளிலேயே 500க்கு மேல் தேவைப்பட்டது. அண்மைய வருடங்களில் அழைப்புகள் பெரும்பாலும் கனடாவில் வேலை செய்தவர்களுக்கும், மாகாண நியமனம் (ஒரு மாகாண அரசு ஆளைத் தெரிந்தெடுத்துப் பெயர் கொடுப்பது) பெற்றவர்களுக்கும், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும், குறிப்பிட்ட சில தொழில் பிரிவினருக்கும் போகின்றன. 2025 பெப்ரவரியில் அந்தத் தொழில் பிரிவுகளைப் புதுப்பித்தபோது சமையல்காரரைச் சேர்த்தார்கள். சாப்பாட்டுக்கடை மேற்பார்வையாளரைச் சேர்க்கவில்லை. வேலை வாய்ப்புக் கடிதம் இருந்தால் இந்த வரிசையில் கூடப் புள்ளி என்றிருந்ததையும் 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு வேலைக் கடிதத்துக்கு முப்பது நாற்பது இலட்சம் கேட்கும் ஆளிடம், இந்த வரிசையில் இது எத்தனை புள்ளி என்று மட்டும் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி. அது கிடைத்தவருக்கு அழைப்பு ஏறத்தாழ நிச்சயம். மாகாணங்களின் விதிகள் அடிக்கடி மாறும், சில மாகாணங்கள் உணவகத் துறைக்குக் கட்டுப்பாடும் வைத்திருக்கின்றன. பாரிஸில் சொந்தக்காரர் இருப்பதால் வீட்டில் கொஞ்சம் பிரெஞ்சு புழங்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லுவது, சுப்பர்வைசர் அனுபவத்தை விட அந்த மொழியில் நேரம் போடுங்கள் என்பதுதான்.

படிக்கப்போய் அங்கே இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத்தான் இந்த 62020 உண்மையில் கைகொடுக்கிறது. கனடிய அனுபவ வகுப்புக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்திய மூன்று வருடத்துக்குள் கனடாவில் செய்த ஒரு வருட வேலை போதும். இரண்டாம் மூன்றாம் படி வேலைகளுக்கு ஆங்கிலமும் குறைவாகவே கேட்கிறார்கள்: ஐஈஎல்டிஎஸ் கேட்டல், எழுத்து, பேச்சில் 5, வாசிப்பில் 4. 67 புள்ளிச் சோதனை இல்லை, வங்கியில் காசு காட்டவும் தேவையில்லை. வேறு வேறு கடைகளில் செய்ததைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் முழுநேர மாணவராக இருந்த காலத்தில் செய்த வேலை சேராது. சொந்தக் கடை நடத்தியதும் சேராது. கையில் காசாக வாங்கிய மணித்தியாலத்துக்கு வரிப் பத்திரத்தில் இடம் இல்லை என்பதால் அதை நிரூபிக்க வழியில்லை. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் பாதி காசோலை, பாதி கைக்காசு என்று பேசி வேலைக்குச் சேருகிறவர்கள், அந்தக் கைக்காசுப் பாதி பிஆர் கணக்கில் இல்லாமல் போவதை யோசிப்பதில்லை.

பிரிட்டன் பக்கம் பார்க்கலாமே என்றால், 2025 யூலை 22 முதல் அங்கே திறன் தொழிலாளர் விசாவுக்குப் பட்டப்படிப்புத் தர வேலையாக இருக்க வேண்டும் என்று உயர்த்திவிட்டார்கள். புதிதாகப் போகிறவருக்கு உணவக வேலை வழி அங்கே அடைபட்டதுபோலத்தான்.

கடிதத்தைக் காசுக்கு வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடக்கிறது. இல்லாத கடைக்கு லெட்டர்ஹெட், இல்லாத முதலாளிக்கு மின்னஞ்சல். அதிகாரிகள் கடைக்குப் போன் எடுப்பார்கள், நாலு மணிக்குக் கடையில் நிற்கும் பொடியனிடம் "இன்னார் அங்கே வேலை செய்தவரா?" என்று கேட்டால், "அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்லையே" என்பான். பொய்த் தகவல் என்று முடிவானால் கனடாவின் குடிவரவுச் சட்டம் 40ஆம் பிரிவின்படி ஐந்து வருடத் தடை. அந்த ஐந்து வருடமும் எந்த வகையிலும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. காசு வாங்கி உங்களுக்காக விண்ணப்பம் தயாரிக்கக் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகர், சட்டத்தரணி போன்றோருக்கு மட்டும்தான் அனுமதி. உரிம இலக்கத்தைக் கேட்டு, அவர்களின் பொதுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று போனிலேயே தேடிப் பார்க்கலாம்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், கடிதத்தை. ஐஈஎல்டிஎஸ் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், கல்வி மதிப்பீடு ஐந்து வருடம்; அவற்றை முன்கூட்டியே எடுத்துவைத்தால் காலாவதியாகும். அழைப்பு வந்தபின் ஆவணங்களைப் போட 60 நாள்தான் தருவார்கள், அந்த அவசரத்தில் பழைய முதலாளியைத் தேடித்திரிய முடியாது. கடையை விட்டு விலகும் கிழமையிலேயே, கோபதாபம் ஏதும் இருந்தாலும் விழுங்கிக்கொண்டு, மணித்தியாலமும் சம்பளமும் கடமையும் உள்ள கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் கடை பூட்டியிருக்கலாம், கை மாறியிருக்கலாம். முதலாளியே உங்களுக்கு முன்னம் கனடா போயிருந்தால், அங்கிருந்து அவர் எழுதித் தரும் கடிதத்தோடு கடையின் பழைய பதிவுப் பிரதியையும் உங்கள் ஈபிஎஃப் கூற்றையும் சேர்த்து, கடை ஏன் இப்போது இல்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் வைக்க வேண்டியிருக்கும்.